ப என்றால் வள்ளம்

கடியப்பட்டணத்துப் பையன் கையில் ப பலகையைக் கொடுத்தேன். அரை அடி சதுரப் பலகை. ப-வைப் பெரிதாக எழுதி, அந்த எழுத்தையே படகின் உடலாக்கி, மேலே ஒரு பாயும் கீழே இரண்டு அலையும் போட்டிருந்தேன். எனக்கே அந்த வேலை பிடித்திருந்தது. அவன் பார்த்தான், சிரித்தான், சத்தமாக "வ" என்றான்.

"வ இல்ல மக்களே, ப. ப... படகு."

"இது வள்ளம்லா பாட்டா?"

பாட்டா என்றால் எங்கள் ஊரில் தாத்தா. அவன் சொன்னது சரி, வள்ளந்தான். அவன் அப்பா கடலுக்குப் போவது வள்ளத்தில். படகு என்ற சொல்லை அவன் புத்தகத்தில் பார்த்திருப்பான், டிவியில் கேட்டிருப்பான். நாக்கில் அது ஏறவில்லை. நான் எழுதியது ப, அவன் கண்ணில் பட்டது வள்ளம், வாயில் வந்தது வ. அவன் கணக்கு சரி. தப்பு என் பலகையில்.

அப்போது இந்த வேலையைத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் போர்டு எழுதிப் பிழைத்தவன். கடை போர்டு, சுவர் விளம்பரம், ஆட்டோவின் முதுகு, வள்ளத்தின் பெயர் என்று எழுதாத இடம் இல்லை. ஃபிளெக்ஸ் வந்ததும் பிரஷ் காய்ந்துவிட்டது. இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்கு ஐந்து வயது, யூகேஜி. அ முதல் ஔ வரை ஒரே மூச்சில் சொல்வாள். நடுவில் எ-வைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், விரலை அ-வில் வைத்து முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து எ-வில் நிற்பாள். பாட்டுத் தெரியும், எழுத்துத் தெரியாது.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார்கள், கடையில் வாங்கியது. அதில் ப-வைக் காட்டி என்ன என்றேன். "ச" என்றாள். பக்கத்தில் பலாப்பழம். எங்கள் ஊரில் அது சக்கை. இ-க்கு இளநீர் போட்டிருந்தது. அதற்கு "க" என்றாள், கருக்கு. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேனே தவிர, அதில் இருந்த பாடம் அன்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. பிள்ளை எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கிறாள் என்பது மட்டும் பிடிபட்டது. எழுத்து ஒரு மூலையிலும் படம் ஒரு மூலையிலும் இருந்தால் எந்தப் பிள்ளையும் படத்தைத்தான் பார்க்கும். அப்படியானால் எழுத்தைப் படத்துக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட வேண்டியதுதானே? போர்டு எழுதுகிறவனுக்கு இது புதிது இல்லை. டீக்கடை போர்டில் ட-வின் மேல் ஆவி பறக்க விடுவோம், செருப்புக்கடை போர்டில் செ-யின் கொம்புக்கு வார் மாட்டுவோம். கூலியில் பத்து ரூபாய் கூடக் கேட்க அது ஒரு வழி.

மருமகள் பி.எட். படித்தவள். இதைச் சொன்னதும், "மாமா, இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க" என்றாள். அமெரிக்காவில் லின்னியா எரி என்பவரும் உடனிருந்தவர்களும் 1984இல் செய்தது. எழுத்தின் வடிவத்தையே படமாக்கிக் காட்டிய பிள்ளைகளுக்கு, எழுத்துக்குப் பக்கத்தில் தனியாகப் படம் வைத்துக் காட்டிய பிள்ளைகளைவிட எழுத்தும் ஒலியும் நன்றாக மனதில் நின்றதாம். சரி, செருப்புக்கடை போர்டு வீண் போகவில்லை.

பலகைக்கு முதலில் ரப்பர் மரம் எடுத்தேன். எங்கள் மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கிற மரம் அது. குலசேகரம், அருமனைப் பக்கம் பால் வற்றிய மரங்களை வெட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். மரமில்லில் துண்டுகளைச் சும்மா போலத் தந்தார்கள். வெளுத்த நிறம், இழைத்தால் வழவழவென்று வரும், எழுத அருமையாக இருக்கும். பதினெட்டுப் பலகை அறுத்து, பழைய டப்பாக்களில் மிச்சம் இருந்த எனாமல் பெயிண்டில் எழுதி முடித்தேன். கோடை விடுமுறை முழுக்க அந்த வேலைதான்.

ஜூனில் மழை பிடித்தது. இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர் இது. பத்தே நாளில் பலகைகளில் நீலமும் கறுப்புமாகப் பூசணம் படர்ந்தது. துடைத்து வெயிலில் வைத்தேன். அடுத்த வாரம் பலகை அடுக்கி வைத்திருந்த மேசையில் மாவு மாதிரி பொடி கொட்டிக் கிடக்கிறது. வண்டு துளைத்துவிட்டது. பச்சை ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூசணத்துக்கும் வண்டுக்கும் விருந்து. மேசை நாற்காலி செய்கிறவர்கள் அறுத்தவுடனே வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் பக்குவம் செய்து, உலர வைத்த பிறகுதான் கை வைப்பார்கள். ஆசாரி அதைச் சொல்லிவிட்டு, "மரத்த எங்கிட்ட கேக்காம மில்லுக்காரங்கிட்ட கேட்டா இப்படித்தான்" என்று ஒரு குத்தும் குத்தினார்.

ஒரு வகையில் அந்த வண்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். பலகையைத் தூக்கிப் போடும்போதுதான் மருமகள் பெயிண்டைப் பற்றிக் கேட்டாள். டப்பா எந்த வருடத்தது? எனக்கு ஞாபகமே இல்லை. கடையை மூடும்போது அள்ளிக்கொண்டு வந்தவை. சில டப்பா அதற்கும் முந்தியவை. பழைய எனாமலில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்கும். 2017 நவம்பரிலிருந்துதான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடப்புக்கு வந்தது. சின்னப் பிள்ளை எதையும் வாயில் வைக்கும், என் பேத்தி பலகையின் முனையைக் கடித்துப் பார்த்தவள். ஈயம் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். முப்பது வருடம் அந்தப் பெயிண்டில் கை நனைத்தவனுக்கு இது தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. பதினெட்டும் போயிற்று.

இரண்டாம் தடவை ஆசாரியிடமே போனேன். கதவு, நிலை செய்த மிச்சத்தில் அயனித் துண்டுகள் கிடந்தன. பலாவுக்குச் சொந்தக்கார மரம்; வண்டு அவ்வளவு லேசில் தொடாது, தண்ணீருக்கும் தாங்கும், வள்ளம் கட்டவே எடுக்கிற மரம். கொஞ்சம் மஞ்சள் ஓடிய பழுப்பு நிறம். முனைகளை உருட்டி, 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேய்த்தேன். எழுத்தைப் பெயிண்டில் எழுதாமல் உளியால் கால் இஞ்ச் ஆழத்துக்குக் குடைந்து, குடைந்த இடத்துக்கு மட்டும் ஈயம் இல்லை என்று டப்பாவிலேயே போட்டிருந்த தண்ணீர் பெயிண்ட் கொடுத்தேன். பிள்ளையின் விரல் அந்தப் பள்ளத்தில் ஓடும். உப்புத்தாளை எழுத்தாக வெட்டி ஒட்டி, விரலால் தடவ விடுவது மரியா மாண்டிசோரியின் பழைய வழி. அந்த அம்மாள் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். எனக்கு உப்புத்தாளைவிட உளி கைக்கு அடங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மினுமினுப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினேன். தேங்காய் எண்ணெய் காயாது. ஒரு வாரம் கழித்தும் பலகை பிசுபிசுவென்று தூசியும் எறும்பும் பிடித்துக் கிடந்தது. காய்கிற எண்ணெய் வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய். தடவிய தேங்காய் எண்ணெயைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்த இரண்டாம் அடுக்கில் வந்ததுதான் அந்தப் படகு. பையனின் பாட்டி வீடு எங்கள் தெருவில். சனி, ஞாயிறு இங்கே வந்துவிடுவான். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. 2022இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகுப்பில் அட்டை, பாட்டு எல்லாம் பழகியவன், அதனால் பலகையைக் கண்டதும் என் பேத்தியைவிட அவன்தான் முதலில் ஓடிவந்தான். அவன் வ என்று சொன்ன அன்று ராத்திரிதான் சக்கையும் கருக்கும் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தன. எழுத்தைப் படத்துக்குள் வைத்தால் மட்டும் போதாது. அந்தப் படத்துக்குப் பிள்ளை என்ன பெயர் சொல்கிறதோ அதுதான் எழுத்துக்கு வாசல். நான் வேறு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். மனதில் இருந்த படங்களையெல்லாம் பென்சிலில் வரைந்து நாலு பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் காட்டினேன். ஒருவன் சொல்வதை மற்றவன் கேட்கக் கூடாது. யோசிக்க விடாமல், முதலில் வாயில் வந்த சொல்லை எழுதிக்கொண்டேன். மரவள்ளிக்கு நாலு பேரும் மரச்சீனி. நண்டுக்கு மூன்று பேர் ஞண்டு. பெரிய வாழைப்பழத்துக்கு ஏத்தன். ஒட்டகத்தை ஒருத்தி மட்டும் சரியாகச் சொன்னாள், இன்னொருத்தன் ஜிராஃபி என்றான். உரலை வரைந்து காட்டியதற்குக் கிடைத்த பதில்தான் எனக்குப் பிடித்தது: "பூச்சட்டி." அவன் வீட்டு உரலில் குரோட்டன்ஸ்தான் இருக்கிறது. பாவம், அவன் என்ன செய்வான்.

அந்த நோட்டுத்தான் இந்த முழு வேலையிலும் உருப்படியான கருவி. பலகை, உளி, பெயிண்ட் எதுவும் இல்லாமல் அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செய்கிறவர்களும் இந்த நோட்டை மட்டும் விட்டுவிட வேண்டாம். உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாயில் வேறு சொல் இருக்கும். என் பட்டியலை எடுத்துப்போய் மதுரையில் காட்டினால் ஏத்தன் என்று ஒரு பிள்ளையும் சொல்லாது.

இனி வரிசை. அ-வில் தொடங்கவில்லை. என் குருநாதர் எனக்கு பிரஷ் பிடிக்கச் சொல்லித் தந்தபோது முதல் ஒரு மாதம் நேர்கோடுதான், அப்புறம் ட, அப்புறம் ப. அ எழுத விட்டது ஆறு மாதம் கழித்து. அ-வில் பிரஷ் எத்தனை முறை திரும்புகிறது என்று எழுதிப் பாருங்கள்; சுழி, வளைவு, கோடு, தூண் எல்லாம் அந்த ஒரே எழுத்தில் இருக்கின்றன. ஐந்து வயதுக் கையை அதில் கொண்டுபோய் முதலில் விடுவது, நீச்சல் பழக்க முட்டம் பாறையில் கொண்டுபோய் விடுகிற மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது. உயிரெழுத்து பன்னிரண்டையும் கற்று முடித்தாலும் ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர ஒன்றையும் படிக்க முடியாது. தமிழில் உயிரெழுத்து சொல்லின் தலையில் மட்டுமே முழு உருவில் உட்காரும். நடுவில் எல்லாம் மெய்யும் உயிர்மெய்யும்தான். மூன்று மெய்யும் ஒரு புள்ளியும் தெரிந்த பிள்ளை அதைவிட அதிகம் படிக்கும்.

அந்த மூன்று: ட, ப, ம. வடிவத்தில் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதால் ஒரே கதையாகச் சொல்ல முடிந்தது.

ட என்பது பாட்டா. சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நேரே நீட்டி உட்கார்ந்திருக்கிறார். முதுகு நிமிர்ந்த கோடு, கால் படுத்த கோடு. கையில் ஒரு டம்ளர். பாட்டா உட்கார்ந்தால் டம்ளர் இல்லாமல் இருக்க மாட்டார் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாட்டாவின் காலுக்கு எதிரே இன்னொரு சுவர் எழுப்பினால் ப. படகை இழைத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் பள்ளம் வைத்தேன். தென்னம்பிள்ளை நடத் தோண்டிய பள்ளம். ஒரு பந்து உருண்டு வந்து பள்ளத்தில் இறங்குகிறது, அடியில் ஓடுகிறது, எதிர்ப் பக்கமாகத் துள்ளி ஏறுகிறது. விரலும் அதே வழியில்தான் போக வேண்டும்: கீழே, நேரே, மேலே. எழுதும் முறையைத் தனியாகச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, பந்தின் வழி அதுதான். கடியப்பட்டணத்துப் பையனுக்கு வள்ளமும் பள்ளமும் ஓசையில் ஒட்டிக்கொண்டன. "வள்ளம் பள்ளத்துல விழுந்துச்சு" என்று ஒரு நாள் முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தான்.

அதே பள்ளத்தில் ஒரு மட்டிப்பழம் விழுந்தால் ம. எழுதிப் பார்த்தால் தெரியும்: இடது சுவர், தரை, வலது பக்கம் மேலே ஏறி உள்ளே வளைந்து தரையில் வந்து முட்டுகிற வளைவு. அந்த வளைவுதான் பழம். மட்டிப்பழம் எங்கள் மாவட்டத்துக்கே உரியது, 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்னே நசுக்கி ஊட்டுகிற பழம் அது. இதற்கு மட்டும் நோட்டில் நாலு பேருடைய பதிலும் ஒன்றுபோல இருந்தது.

புள்ளி? மேலே தென்னை இருக்கிறது. அதிலிருந்து ஒரு குரும்பை விழுந்து எழுத்தின் தலையில் உட்கார்ந்துவிட்டது. தலையில் குரும்பை விழுந்தவன் "ம" என்று வாயைத் திறந்து பேச முடியுமா? "ம்" என்று முனகத்தான் முடியும். இதற்காக முற்றத்தில் கிடந்த குரும்பைகளைப் பொறுக்கி, பலகையின் தலையில் வைத்தும் எடுத்தும் காட்டினேன். ம, ம். ட, ட். ப, ப். இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் தலையில் ஒருவர் குரும்பை எறிய ஆரம்பித்தார்கள். நெற்றியில் ஒரு சின்னப் புடைப்பு, ஒரு அழுகை, ஒரு தாயின் முறைப்பு. மறுநாள் முதல் குரும்பைக்குப் பதில் புளியங்கொட்டை.

முதல் சனிக்கிழமையே அவர்கள் படித்த சொற்கள்: படம், மடம், பட்டம், மட்டம். அவ்வளவுதான், ஆனால் படித்தார்கள். பாடவில்லை. பேத்தி பட்டம் என்று படித்துவிட்டு, என்னமோ தப்பு செய்ததைப் போல என் முகத்தைப் பார்த்தாள். எழுத்துகளைக் கூட்டினால் தெரிந்த சொல் ஒன்று வந்து நிற்கும் என்று அதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நடுவில் வீட்டுக்காரியோடு ஒரு சச்சரவு. அவள் பழைய முறையில் படித்தவள். அனா, ஆவன்னா, பனா, டனா என்று சொல்லிக்கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் பேத்தி படம் என்பதை "பனா, டனா, இம்" என்று படித்துவிட்டு, சொல் என்ன என்றால் விழிக்கிறாள். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. படிக்கும்போது ஒலி மட்டும் போதும் என்று நான் சொல்ல, அப்படிப் படித்துத்தான் நாங்களெல்லாம் கடிதம் எழுதினோம் என்று அவள் சொல்ல, இரண்டு நாள் டீ கொஞ்சம் ஆறித்தான் வந்தது. கடைசியில், பெயர் பாட்டி சொல்லித் தருவது, ஒலி பாட்டா சொல்லித் தருவது என்று பேத்தியே பாகம் பிரித்துவிட்டாள்.

எழுதிப் பழக மணல் தட்டு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு மணலுக்கா பஞ்சம், ஆனால் மணவாளக்குறிச்சிக் கரையில் இருப்பது கறுப்பு மணல். இல்மனைட், சிர்கான், கதிர்வீசும் தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் கலந்தது, ஆலை வைத்துப் பிரித்தெடுக்கிற மணல். ஒரு முறை ஏமாந்தவன், மறுபடி எதையும் கேட்காமல் பிள்ளை கையில் கொடுக்கத் துணியவில்லை. விஜயதசமிக்கு எப்படியும் அரிசியில்தானே எழுத வைக்கிறோம். பழைய அலுமினியத் தட்டில் ஒரு விரல்கட்டை கனத்துக்குக் குருணை. கோழிகள் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வ-வுக்கு வள்ளம் போட்டபோது இன்னொரு திருத்தம் வந்தது. வ-வின் இடது சுழியை அணியமாக, அதாவது வள்ளத்தின் முன்முனையாக, வைத்து, வலது தூணை நேராக நிறுத்தியிருந்தேன். பையனின் தாத்தா, கடலிலேயே வயதானவர், பலகையை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "அணியம் இப்படிச் சுருண்டா கெடக்கும்? அல அடிச்சா உள்ளதான் வரும்." எழுத்து அப்படி இருக்கிறது அண்ணே என்றேன். "அப்ப எழுத்த மாத்தும்" என்றார். மாற்ற முடியவில்லை. சுழிக்குள் ஒரு வலைச்சுருளை வரைந்து கொடுத்தேன், அணியத்தில் வலை வைத்திருப்பதாகக் கணக்கு. அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

உயிரெழுத்துக்கு ஆகஸ்டில்தான் வந்தோம். அ-வுக்கு அந்தப் பலகையே அயனி. அயனிச்சக்கை தின்றவர்களுக்கு அது போதும். இ-க்கு இஞ்சி, ஒரு துண்டைக் கடிக்கக் கொடுத்தால் இ என்று பல்லைக் காட்டுகிற முகம் தானாக வந்துவிடும், வாய் அமைப்பும் அதுதான். உ-வுக்கு உரலை விட்டு உப்பு. புத்தளம் உப்பளம் பக்கம் பஸ்ஸில் போகும்போது வெள்ளைக் குவியல்களைப் பார்த்தவர்கள். ஏ-க்கு ஏத்தன். ஐ-க்குத்தான் மருமகள் சண்டை பிடித்தாள், ஐஸ் தமிழா என்று. ஐந்து என்று போட்டுப் பார்த்தேன்; ஐந்து மாங்காய் வரைந்தால் பிள்ளை மாங்காய் என்கிறது, ஐந்து விரல் வரைந்தால் கை என்கிறது. ஐஸ் வண்டி மணி கேட்டால் தெருவே ஐ என்கிறது. ஐஸ் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ஔ-வுக்கு எல்லோரும் திணறுவார்கள். எங்களுக்குத் தோவாளைப் பக்கம் ஔவையாரம்மன் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாயில் பெண்கள் கூழும் கொழுக்கட்டையும் படைக்கப் போவார்கள். பேத்தி போன மாதம்தான் போய் வந்திருந்தாள். படம் கொழுக்கட்டை என்றால் கொ என்று சொல்லிவிடுவாளே என்று பயந்து, கொழுக்கட்டையை நீட்டுகிற ஒரு கிழவியை வரைந்தேன். "ஔவையாரம்மன்" என்றாள். ஆனால் ஔ-வை ஒ, ள என்று இரண்டாகப் பிரித்துப் படிக்கும் குழப்பம் இன்னும் போகவில்லை, அதற்கு என்னிடம் மருந்தும் இல்லை.

ஒ, ஓ இரண்டுக்கும் படமே போடவில்லை. ஒட்டகம் இங்கே யாருக்கும் சொந்தமில்லை, ஓடம் என்றால் மறுபடி வள்ளம். விளையாட்டாக வைத்தேன்: ஒ பலகையைத் தூக்கினால் ஒளி, ஓ பலகையைத் தூக்கினால் ஓடு. முதல் சுற்றில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஓடினார்கள். தப்பாக ஓடியவர் வெளியே என்று விதி போட்டதும், அடியில் சுழி இருக்கிறதா என்று அத்தனை கண்ணும் பலகையின் கால்மாட்டையே பார்க்க ஆரம்பித்தன. குறிலும் நெடிலும் பிரிந்துபோயின. பழங்காலத்தில் எ, ஒ தலையில் புள்ளி வைத்தால்தான் குறில். நெடிலுக்கு இந்தச் சுழியும் ஏ-யின் காலும் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கையால் என்பார்கள். யார் போட்டாலும் சரி, ஓடுவதற்கும் ஒளிவதற்கும் அது வசதியாக இருக்கிறது.

சொல் பலகை செய்யும்போது என் கையே எனக்கு எதிரி ஆயிற்று. "மாலை" என்று எழுதி நிமிர்கிறேன், பேத்தி லை-யைத் தொட்டு "பாட்டா, இதுக்கு ஏன் தும்பிக்கை?" என்கிறாள். பழைய லை! 1978இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தி, ணை, லை, ளை, னை-க்குத் தும்பிக்கையை எடுத்துவிட்டு மற்ற எழுத்துகளைப் போலவே கொம்பு வைத்தது. நான் வேலை பழகச் சேர்ந்த காலம் அது. குருநாதர் வெகு நாள் பழையபடியே எழுதினார். அவர் கை எனக்குள் இன்னும் இருக்கிறது போலும். அந்தப் பலகையை மட்டும் நான் திருத்தவில்லை, எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

இப்போது ஞண்டு விவகாரம். நோட்டில் மூன்று பேர் ஞண்டு என்றதால், நண்டை ந-விலிருந்து எடுத்து ஞ-வில் போட்டேன். சார்ட்டில் ஞ-வுக்கு ஞானி, ஞாயிறு என்று வரைய முடியாதவையாகப் போட்டுத் திணறுகிறார்கள். எங்களுக்குக் கொடுக்கோடு ஞ கிடைத்தது. ஞண்டு ஒன்றும் கொச்சை இல்லை, அகராதியிலேயே இருக்கிற பழைய சொல். நான் பெருமையோடு இருந்தேன். செப்டம்பரில் பேத்தியின் வகுப்பில் படம் பார்த்துப் பெயர் எழுதும் தேர்வு. நண்டு படத்துக்கு அவள் ஞண்டு என்று, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல், எழுதிவிட்டு வந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. மூன்றெழுத்தையும் கேட்ட ஒலிப்படி சரியாக எழுதிய முதல் சொல் அவளுக்கு அது. ராத்திரி சாப்பிடவில்லை. மருமகள் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

யார் பக்கம் நியாயம் என்று நாலு நாள் யோசித்தேன். டீச்சருக்கு ஒரு விடைத்தாள் இருக்கிறது, அதில் நண்டு என்று இருக்கிறது. பிள்ளை புத்தகத் தமிழையும் கற்றுத்தான் ஆக வேண்டும். அதற்காக வீட்டுச் சொல்லைத் தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அந்தப் பலகையின் பின்புறத்தையும் இழைத்தேன். முன்னால் ஞ, அதே நண்டு, கொடுக்கு மேலே தூக்கி, கடல்பாறையில். பின்னால் ந, அதே நண்டு, புத்தகத்துக்குள் உட்கார்ந்து கண்ணாடி போட்டிருக்கிறது. "பள்ளிக்கூடம் போனா இதுக்குப் பேரு நண்டு, வீட்டுக்கு வந்தா ஞண்டு" என்றேன். அவளுக்கும் ஒரு பெயர் பள்ளியில், ஒரு பெயர் வீட்டில் இருப்பதால் உடனே ஏற்றுக்கொண்டாள். அதன்பின் சக்கைக்கும் கருக்குக்கும் இதே போலப் பின்புறம் குடைய வேண்டியதாயிற்று. ச-வைத் திருப்பினால் ப, க-வைத் திருப்பினால் இ. வள்ளத்தைத் திருப்பினால் என் பழைய படகு. அது இப்போது யாரையும் குழப்பவில்லை, எந்தப் பக்கம் எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

இப்போது கையில் இருபத்தாறு பலகை. ள-வும் ழ-வும் இன்னும் வரவில்லை. ழ-வில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்குவதில்லை, மழையையோ வாழையையோ வைத்துச் சமாளிக்க வேண்டும். ண-வுக்கும் அதே கதை. ங-வை நான் கைவிட்டே விட்டேன். நோட்டில் ங என்று தலைப்பிட்ட பக்கம் மூன்று மாதமாகக் காலி.

போன ஞாயிற்றுக்கிழமை கடியப்பட்டணத்துப் பையன் காலிப் பக்கத்தைப் பார்த்து இது என்ன எழுத்து என்று கேட்டான். சொன்னேன், இதுக்குப் படம் இல்ல மக்களே என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் பாட்டி வீட்டுக்கு ஓடினான். திரும்பி வரும்போது கையில் ஒரு சங்கு, வலையில் வந்தது, விளிம்பு கொஞ்சம் உடைந்தது. அதை என் காதில் வைத்து அழுத்தினான்.

"கேக்கா பாட்டா? ங்ங்ங்னு சொல்லுது."

கேட்டது. பலகை தீர்ந்துவிட்டது. அயனித் துண்டு ஒன்று, சங்கு அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக, வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.